காப்பியின் மேல் நிற்கும் பால் நுரை: வீட்டு வழிகள் ஓர் ஒப்பீடு

வீட்டில் பால் நுரைக்கும் கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நுரையின் உயரத்தைத்தான் அளக்கிறார்கள். 100 மில்லி பால் எவ்வளவு பொங்கியது, எத்தனை நொடியில் பொங்கியது என்பதோடு அவர்களுடைய ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. இந்த அளவுகோல் தவறானது என்பது என் உறுதியான கருத்து. கரண்டியில் அள்ளினால் சோப்பு நுரைபோல் திரண்டு வந்து, கோப்பையில் இட்ட ஓரிரு நிமிடங்களில் உலர்ந்த மேடாக மேலே ஒதுங்கிவிடும் நுரை எவ்வளவு உயரமாக நின்றாலும் குடிப்பவருக்குப் பயன்படுவதில்லை. அது உதட்டில் ஒட்டிக்கொள்கிறது, காப்பி அதன் அடியில் தனியாகக் கிடக்கிறது. நல்ல நுரையில் குமிழிகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியா. அதன் மேற்பரப்பு மினுங்கும். கிண்ணத்தைச் சாய்த்தால் பாலும் நுரையும் பிரியாமல் தேனைப்போல ஒரே சீராக வழியும். ஆகவே இங்கே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளைக் கொண்டே எடைபோடுகிறேன்: குமிழியை எவ்வளவு சிறிதாகவும் சீராகவும் ஆக்குகிறது? பாலின் சூட்டை நம் கட்டுக்குள் வைக்க விடுகிறதா?

இந்த இரண்டு கேள்விகள் ஏன் என்பதைப் பாலே சொல்லும். பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர், புரதம் 3.3 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அந்தப் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பால் திரியும்போது கட்டியாகும் கேசீன்; மீதி, பிரியும் தெளிநீரில் தங்கும் வே புரதங்கள். காற்று பாலுக்குள் நுழைந்ததும் இப்புரதங்கள் குமிழியின் விளிம்புக்கு விரைந்து, நீரை விரும்பும் பகுதி பாலை நோக்கியும் நீரை வெறுக்கும் பகுதி காற்றை நோக்கியும் திரும்பி நின்று, குமிழியைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிகின்றன. சூடு ஏறும்போது வே புரதங்கள் மடிப்பவிழ்ந்து ஒன்றோடொன்று பிணைந்து அந்தத் தோலை உறுதியாக்குகின்றன. ஆயினும் எந்த நுரையும் நிலைத்திருப்பதில்லை. குமிழிகளுக்கு இடையிலுள்ள திரவம் கீழே வடிகிறது. அதோடு, சிறிய குமிழிக்குள் அழுத்தம் மிகுதி என்பதால் அதன் காற்று மெல்லக் கசிந்து பக்கத்திலுள்ள பெரிய குமிழிக்குள் போய்ச் சேர்கிறது. சிறியதும் பெரியதும் கலந்த நுரை விரைவில் கெடுவதற்கும், எல்லாம் ஒரே அளவான நுரை சற்று நீடிப்பதற்கும் இதுவே காரணம். சீரற்ற குமிழிகளைத் தரும் கருவி, பார்த்தவுடன் அழகாக இருக்கும் நுரையைத் தந்தாலும், அதன் ஆயுளை அப்போதே குறைத்துவிடுகிறது.

சூட்டைப் பொறுத்தவரை 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைவெளியே நமக்கு வேண்டியது. அந்தச் சூட்டில் பாலின் இயல்பான இனிப்பு நாவுக்கு நன்றாகத் தெரிகிறது. 70 டிகிரியைத் தாண்டினால் பீட்டா-லாக்டோகுளோபுலின் என்னும் வே புரதம் வேகமாகக் குலைந்து கந்தகச் சேர்மங்கள் வெளிப்படுவதால் காய்ச்சிய வாடை ஏறிவிடும். பிறகு ஆறவைத்தாலும் அந்த வாடை போகாது. மறுபக்கம், வெதுவெதுப்பான பாலும் நுரைக்கு நல்லதன்று. ஏறத்தாழ 20 முதல் 40 டிகிரி வரை பாற்கொழுப்பு பாதி திண்மமாகவும் பாதி திரவமாகவும் இருந்து, குமிழிகளின் தோலில் பரவி அவற்றை உடைக்கிறது. அதனால் நுரைக்கும் வேலையைப் பால் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதோ, போதிய சூடேறிய பிறகோ செய்வதே அறிவுடைமை.

முதலில் நீராவிக் குழாய். அழுத்தத்தில் காப்பி வடிக்கும் எஸ்பிரெசோ இயந்திரத்தோடு வரும் இந்தக் குழாயின் தனிச்சிறப்பு, சூட்டையும் காற்றையும் சுழற்சியையும் ஒரே நேரத்தில் தருவதுதான். குளிர்ந்த பாலில் குழாயின் நுனியைப் பரப்புக்குச் சற்றே கீழே பிடித்தால் காகிதம் கிழிவது போன்ற மெல்லிய ஓசையோடு காற்று உள்ளே இழுக்கப்படும். கிண்ணத்தின் வெளிப்புறம் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் வரையில்தான் காற்றேற்ற வேண்டும். பிறகு நுனியைச் சிறிது ஆழமாக, நடுவிலிருந்து விலக்கிப் பிடித்தால் பால் சுழலத் தொடங்கி, ஏறிய பெரிய குமிழிகள் அந்தச் சுழலில் உடைபட்டு நுண்குமிழிகளாகும். கிண்ணத்தைக் கையால் தொட்டுக்கொண்டிருக்க முடியாத சூடு வரும்போது ஏறத்தாழ 60 டிகிரியை எட்டியிருக்கும். அப்போதே நீராவியை மூடிவிட வேண்டும். பாலில் கரையும் நீராவி தண்ணீராக மாறுவதால், 5 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுவரும்போது பாலின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கூடுதலாகச் சேர்கிறது. ஆனாலும் நீராவியால் நுரைத்த பால் நாவில் நீர்த்துப் போனதாகத் தோன்றுவதில்லை. அவ்வளவு நுண்மையான குமிழிகள் அதில் இருக்கின்றன. கோப்பையில் இலையும் இதயமும் வரைய விரும்புகிறவருக்கு இதற்கு இணையான வழி இல்லை.

அதே மூச்சில் இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இது கையால் பழகவேண்டிய வித்தை. முதல் சில வாரங்களில் வீணாகும் பாலுக்குக் கணக்கு வைக்காமல் இருப்பதே நல்லது. மிகக் குறைந்த பாலில் சுழல் உருவாகாது என்பதால் ஒரு சிறு கோப்பைக்குக்கூட 120 மில்லிக்குக் குறையாமல் எடுக்கவேண்டியிருக்கும். நீராவியை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிப் பால் உள்ளே உறிஞ்சப்படுவதால், ஒவ்வொரு முறையும் உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியே விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்; காய்ந்த பால் அடைத்துக்கொண்டால் அதைப் பெயர்ப்பது கடினம். விலை குறைந்த இயந்திரங்கள் பலவற்றில் குழாயின் மேல் பனரெல்லோ எனப்படும் உறை மாட்டப்பட்டிருக்கும். பக்கத்திலுள்ள சிறு துளை வழியே அது தானாகவே காற்றை இழுத்துக்கொள்வதால் பழகாதவருக்கும் நுரை வரும். ஆனால் எவ்வளவு காற்று நுழைய வேண்டும் என்பது நம் கையில் இல்லாததால் வருவது பருத்த குமிழிகள்தான். அந்த உறையைக் கழற்ற முடியுமானால் கழற்றிப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.

நீராவிக்கு அடுத்த இடத்தை, பலர் பொருட்படுத்தாத பிரெஞ்சு பிரஸ்ஸுக்கே, அதாவது மேலிருந்து அழுத்தும் சல்லடை பொருத்திய காப்பிக் குடுவைக்கே தருவேன். மிலானைச் சேர்ந்த அத்திலியோ கலிமானி 1929-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்த இந்தக் கருவி காப்பி வடிப்பதற்கென உருவானது. இருந்தும் அதன் சல்லடை பால் நுரைப்பதற்கென்றே செய்ததுபோல வேலை செய்கிறது. பாலைத் தனிப் பாத்திரத்தில் 65 டிகிரி வரை சூடாக்கி, வெந்நீர் ஊற்றி முன்பே சூடேற்றிய பிரஸ்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஊற்ற வேண்டும். சல்லடையைப் பாலின் பரப்புக்கு மேல் வரை இழுத்து அழுத்தும் முதல் பத்துப் பன்னிரண்டு அசைவுகள் காற்றை உள்ளே கொண்டுசெல்கின்றன. அதன்பின் சல்லடை பாலை விட்டு வெளியே வராதபடி, பாலுக்குள்ளேயே சிறு வீச்சில் மேலும் பதினைந்து முறை அசைத்தால், உள்ளே நுழைந்த பெரிய குமிழிகள் கம்பிவலையின் கண்கள் வழியே திரும்பத் திரும்பப் பிழியப்பட்டு நுண்ணியவையாகின்றன. நீராவிக் குழாய் இரண்டு கட்டங்களில் செய்வதை இதுவும் இரண்டு கட்டங்களில் செய்கிறது. காற்றின் அளவும் சூட்டின் அளவும் முழுவதுமாக நம்மிடமே இருக்கின்றன. பலர் இரண்டாம் கட்டத்தைச் செய்யாமல், பிரஸ் விளிம்பு வரை பொங்கும்படி மேலும் கீழுமாக இடித்துவிட்டு, நுரை முரடாக இருக்கிறதென்று கருவியைக் குறைசொல்கிறார்கள்.

பிரஸ்ஸில் ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு: சல்லடையில் தங்கிய காப்பி எண்ணெய். எண்ணெயின் மெல்லிய படலம்கூடக் குமிழிகளின் தோலைக் கிழித்துவிடும். ஆகவே காப்பி வடிக்கும் பிரஸ்ஸையே பாலுக்கும் பயன்படுத்துவதாயிருந்தால், சல்லடையின் அடுக்குகளைப் பிரித்துத் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். சிறிய பிரஸ் ஒன்றைப் பாலுக்கென்றே ஒதுக்கிவைப்பது இன்னும் நல்லது. இரட்டைச் சல்லடையோடு தனியாகக் கிடைக்கும் கையழுத்து நுரைப்பான்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. அவற்றுள் உலோகத்தால் ஆனதை அடுப்பின் மேலேயே வைத்துச் சூடாக்க முடிவது ஒரு வசதி.

பேட்டரியில் ஓடும் கை நுரைப்பானே வீடுகளில் அதிகம் காணப்படுகிறது. அதன்மேல் வைக்கப்படும் நம்பிக்கைக்கு அது தகுதியானதன்று என்றே எண்ணுகிறேன். சுருள்கம்பி சுற்றிய சிறு வளையம் வேகமாகச் சுழன்று பாலின் பரப்பை அடித்துக் காற்றைப் புகுத்துகிறது. ஆனால் புகுந்த குமிழிகளை நறுக்குவதற்கு அதில் ஏதும் இல்லை. அதனால் மேலே பெரியவை, கீழே சிறியவை என்று சீரற்ற நுரையே மிஞ்சுகிறது. நான் நெடுங்காலம் இதையே வைத்துக்கொண்டு, நுரை அமிழ்ந்துபோகும் ஒவ்வொரு முறையும் பாலைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகே, உயரமான குறுகிய பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, பரப்புக்கு அருகில் பத்து நொடி மட்டும் காற்றேற்றி, மீதி நேரம் வளையத்தை ஆழத்தில் அமிழ்த்திச் சுழலை உண்டாக்கினால் பெருமளவு தேறும் என்று கற்றுக்கொண்டேன். அப்படிச் செய்தும் அது பிரஸ்ஸின் நுரையை எட்டவில்லை. ஒற்றைக் கோப்பைக்கு, அரை நிமிடத்தில், குழாய் நீரில் காட்டினால் கழுவி முடிந்தது என்ற வசதிக்காக அதை வைத்துக்கொள்ளலாம். பேட்டரி தளர்ந்ததும் நுரையும் தளரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மின்குடுவை நுரைப்பான் இதற்கு நேர் எதிரான குணம் உடையது. காந்தத்தால் சுழலும் வளையமும் அடியில் சூடேற்றும் தட்டுமாக, பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்க விடுகிறது. பொதுவாக 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் தானே நின்றுவிடுவதால் பால் கருகும் அச்சமும் குறைவு. காலையில் கைகளுக்கு ஓய்வில்லாதவர்கள் இதை வாங்கினால் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் காற்றின் அளவை மாற்ற இடமில்லாததால் மேலே விறைப்பான நுரையும் அடியில் வெறும் பாலுமாகப் பிரிந்த நிலையே பெரும்பாலும் கிடைக்கிறது. நின்றவுடன் பாலை வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணத்தை மேசையில் இருமுறை தட்டி, வட்டமாகச் சுழற்றினால் இந்தக் குறையில் பாதி தீரும். குடுவையின் உள்ளே இரண்டு அளவுக் கோடுகள் இருந்தால், தாழ்ந்த கோடுதான் நுரைப்பதற்கு உரியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் பாலைக் குலுக்கி மைக்ரோவேவில் சூடாக்கும் முறைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. குளிர்ந்த பாலைப் புட்டியின் பாதிக்கும் குறைவாக ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கி, மூடியைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் சூடாக்கினால், சூட்டில் புரதங்கள் இறுகி நுரை சற்று நிலைபெறும். குமிழிகள் பெரியவைதாம், அவசரத்துக்கு உதவும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். சூடான பாலை மூடிய புட்டியில் குலுக்குவதோ, அடைத்து மூடிய பிளெண்டரில் அடிப்பதோ கூடவே கூடாது; உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறித்துக் கையையும் முகத்தையும் சுட்டுவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பாலின் தேர்வு அதில் தலையிடும். கொழுப்பு நீக்கிய பால் எளிதாகவும் உயரமாகவும் நுரைக்கும், ஆனால் சுவையில் வறட்சி தெரியும். முழுக்கொழுப்புப் பாலின் நுரை குறைந்த உயரத்தில் அடர்ந்தும் வழவழத்தும் இருக்கும். ஆகவே காற்றேற்றுவதில் வலிமையுள்ள நீராவிக்கும் பிரஸ்ஸுக்கும் முழுக்கொழுப்புப் பாலையும், வலிமை குறைந்த புட்டி முறைக்குக் கொழுப்பு குறைந்த பாலையும் கொடுப்பதே பொருத்தம். பால் நாள்பட நாள்பட அதிலுள்ள கொழுப்பு சிதைந்து கொழுப்பமிலங்கள் விடுபடுகின்றன. கெட்டுப்போகாத, குடிக்கத் தகுந்த பால்கூடச் சில நாட்களில் நுரைக்க மறுப்பதற்கு அதுவே காரணமாகலாம். தாவரப் பால்களில் சோயாவுக்குப் புரதம் போதிய அளவு இருப்பதால் நுரை நன்றாக வரும், எனினும் அமிலத்தன்மை மிக்க சூடான காப்பியில் திரிந்துவிடக்கூடும். பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு. ஓட்ஸ் பாலில் காப்பிக்கென்று விற்கப்படும் வகைகள் எண்ணெயும் அமிலத்தன்மையைச் சீராக்கும் உப்பும் சேர்த்துத் தயாரிக்கப்படுவதால் நம்பகமாக நுரைக்கின்றன.

குளிர்ந்த காப்பியின் மேல் இடும் குளிர்நுரைக்கு வந்தால் இந்த வரிசை தலைகீழாகிறது. நீராவிக் குழாய்க்கு அங்கே வேலையே இல்லை. சூடேற்றாமல் சுழலும் வசதி மின்குடுவையில் இருந்தால் அது முன்னுக்கு வரும். கை நுரைப்பானும் கொழுப்பு நீக்கிய பாலில் மதிக்கத்தக்க நுரையைத் தருகிறது. அங்கேயும் என் தேர்வு பிரஸ்தான். கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றி, கருவியோடு சேர்த்து அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, எடுத்தவுடன் முப்பது நாற்பது முறை அழுத்தினால், கரண்டியிலிருந்து நழுவி விழாமல் மெல்ல இறங்கும் நுரை கிடைக்கிறது. அது பனிக்கட்டியின் மேல் பல நிமிடங்கள் அமர்ந்திருந்து, குடிக்கக் குடிக்கக் காப்பிக்குள் வெண்ணிறக் கோடுகளாக இறங்குகிறது.