வேலூர் டு ராமேஸ்வரம், அப்புறம் கடலோரமாவே கன்னியாகுமரி: 5 நாள் வேன் எடுத்துப் போனது, வண்டி எப்படி, டிரைவர் எப்படி, பில்லு எப்படி

மே மாசம் பசங்க லீவுல நாங்க 9 பேரு வேலூர்ல ஒரு டிராவல்ஸ்ல 12 சீட்டு ஏசி வேன் எடுத்துகினு ராமேஸ்வரம் போனோம், அங்கருந்து கடலோரமாவே தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரின்னு போயி திரும்பி வந்தோம், மொத்தம் 1,684 கிலோமீட்டர். வந்ததுல இருந்து சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வண்டி எப்படி இருந்துச்சு, எவ்ளோ ஆச்சுன்னு கேட்டுகினே இருக்காங்க, அதான் எழுதறேன். பில்லு விஷயத்துல கொஞ்சம் மனக்கசப்பு ஆயி பேசி முடிச்சிட்டோம், அதனால டிராவல்ஸ் பேரு வேணாம், ஆனா நடந்தது எல்லாத்தையும் சொல்றேன், வண்டி புக் பண்றவங்களுக்கு ஒதவும்.

அப்பா போயி ஒரு வருஷம் முடிஞ்சது, ராமேஸ்வரத்துல தர்ப்பணம் குடுக்கணும்னு அம்மா சொல்லிகினே இருந்தாங்க. அண்ணன்தான் அவ்ளோ தூரம் போறோம், அப்படியே கடலோரமா போயி குமரி வரைக்கும் பாத்துட்டு வந்துடலாம்னாரு. அம்மா, எங்க அத்தை, அண்ணன், அண்ணி, அவங்க பொண்ணு, நாங்க ரெண்டு பேரு, எங்க பசங்க ரெண்டு பேரு. அம்மாவுக்கு முட்டி வலி, அத்தைக்கு சுகர், அதனால ரயிலு பஸ்ஸுன்னு மாறி மாறி ஏற முடியாது, வேன்தான் சரின்னு முடிவு பண்ணோம்.

ரேட்டு கிலோமீட்டருக்கு 22 ரூபா, ஒரு நாளைக்கு மினிமம் 300 கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா நாளைக்கு 800, டோலும் பார்க்கிங்கும் நம்மளுது. கிலோமீட்டர் ஷெட்டுல எடுக்கறதுல இருந்து ஷெட்டுல போயி விடற வரைக்கும். இதெல்லாம் எல்லா எடத்துலயும் இருக்கறதுதான், நான் விசாரிச்ச மத்த ரெண்டு எடத்துலயும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் சொன்னாங்க. "ஒரு நாள்"னா எதுல இருந்து எது வரைக்கும்னு மட்டும் நாங்க கேக்கல. கேட்டிருக்கணும், ஏன்னு கீழ சொல்றேன்.

புதன்கிழமை விடியக்காலம் 4 மணிக்கு சத்துவாச்சாரில வீட்டு வாசல்லயே வண்டி வந்து நின்னுச்சு, சொன்ன டைமுக்கு 5 நிமிஷம் முன்னாடியே. டிரைவர் அண்ணனுக்கு ஒரு 50 வயசு இருக்கும், குடியாத்தம் பக்கம். வந்ததும் மொதல் வேலையா அம்மா நடக்கறத பாத்துட்டு டிக்கில இருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல எடுத்து படிக்கு கீழ போட்டாரு. 5 நாளும் எங்க நின்னாலும் நாங்க கதவ தொறக்கறதுக்குள்ள அந்த ஸ்டூலு கீழ இருக்கும், அம்மா அது மேல கால வெச்சி எறங்குவாங்க. யாரும் அவர கேக்கல. இந்த ஒண்ணுக்காகவே அவருக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும்.

வண்டிய பத்தி சொல்லணும்னா சீட்டு நல்லா இருந்துச்சு, சாச்சிக்கலாம், சுத்தமா இருந்துச்சு. ஏசி முன்னாடி மூணு வரிசைக்கு ஜில்லுனு வருது, கடைசி வரிசைல மத்தியானம் 12 மணிக்கு மேல சும்மா காத்துதான். நம்ம வேலூர் வெயில்லயே வளந்தவங்க நாம, ஆனாலும் புதுக்கோட்டை தாண்டி ராமநாதபுரம் போற அந்த வெயில்ல பசங்க பின்னாடி ஒக்கார முடியாம முன்னாடி வந்து மடில ஒக்காந்துகினாங்க. அப்புறம் வேன்ல ஸ்பீடு கவர்னர் இருக்குது, 80க்கு மேல போகாது, கார்ல போற டைம வெச்சி பிளான் போட்டா கண்டிப்பா லேட்டாவும்.

போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், பெரம்பலூர், திருச்சின்னு போயி பாம்பன் பாலம் ஏறும்போது சாயங்காலம் 4 மணி. 1988ல தொறந்த பாலம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், பக்கத்துலயே 2025 ஏப்ரல்ல தொறந்த புது ரயில் பாலம், நடுவுல தூக்கற பகுதி அப்படியே ரெண்டு கோபுரம் மாதிரி நிக்குது. கீழ விசைப்படகு எல்லாம் வரிசையா கட்டிப் போட்டிருந்தாங்க, ஏன்னு அண்ணி கேட்டாங்க. "ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம்மா, மீனு முட்ட போடற நேரம், நாட்டுப்படகு மட்டும்தான் போவும்" அப்படின்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு. மே மாசம் போறவங்க மீன் சாப்பாட்ட நம்பி போவாதீங்க, இருக்கறது கம்மி, வெல ஜாஸ்தி.

வியாழக்கிழமை முழுக்க அக்னி தீர்த்தத்துல தர்ப்பணம், 22 தீர்த்தம், கோயில், அதுலயே போச்சு. கோயில்கிட்ட வேன விடல, ஆட்டோதான். அம்மா அழுதாங்க, அப்புறம் மனசு லேசாயி நல்லா தூங்கனாங்க. அதுக்கு மேல அத பத்தி எழுத வேணாம்.

தனுஷ்கோடிக்கு நாங்க சாயங்காலம் போயி சூரியன் மறையறத பாக்கலாம்னு இருந்தோம். "இன்னாம்மா, சாயங்காலம் கூட்டத்துல மாட்டிகினா திரும்பறதுக்கே நேரம் ஆயிடும், 5 மணிக்கு மேல உள்ளயும் விட மாட்டாங்க, காலைல 6 மணிக்கு போலாம்" அப்படின்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு. வெள்ளிக்கிழமை காலைல போனோம். அரிச்சல்முனை வரைக்கும் ரோடு 2017லதான் போட்டாங்க, அதுக்கு முன்னாடி மணல்ல ஜீப்புலதான் போவணுமாம். ரோட்டு மேல மணல் காத்துல வந்து பாம்பு மாதிரி நெளிஞ்சி நெளிஞ்சி ஓடுது, வண்டிய 30ல தான் ஓட்டனாரு. ஒரு பக்கம் தண்ணி குளம் மாதிரி அசையாம கெடக்குது, இன்னொரு பக்கம் அலை அடிச்சிகினு இருக்குது, அங்க இருக்கறவங்க பெண் கடல், ஆண் கடல்னு சொல்றாங்க. நாங்க போனப்ப எங்கள தவிர ரெண்டே ரெண்டு கார்தான். 1964 டிசம்பர் புயல்ல போன சர்ச்சு செவுரு மட்டும் நிக்குது, ரயிலோட ஜனங்க போனத அம்மா சின்ன வயசுல கேட்டதுதான், அந்த எடத்துல நின்னுகினு பசங்களுக்கு அவங்களே சொன்னாங்க. பக்கத்துல ஒரு கொட்டாயில மீன் வறுத்து வித்தவங்க மணல்ல தோண்டுன ஊத்துத் தண்ணி குடுத்தாங்க, ரெண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவுல இந்தத் தண்ணில ஒரு துளி உப்பு இல்ல, எங்க அத்தை ரெண்டு சொம்பு வாங்கி குடிச்சாங்க.

வெளிய வந்ததும் ராமேஸ்வரத்துல வாட்டர் வாஷ்ல வண்டிய நிறுத்தி அடிப்பக்கம் மட்டும் நல்ல தண்ணி அடிச்சாரு, உப்புக் காத்து பட்டா துரு புடிச்சிடும், ஓனர் வண்டின்னாலும் நம்ம கைல இருக்கற வரைக்கும் நம்ம வண்டிதாம்மான்னு சொன்னாரு. காசு எங்ககிட்ட கேக்கல.

இனிமேதான் முக்கியமான எடம். ராமநாதபுரத்துல இருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, இது ஈசிஆர்தான், ஆனா மெட்ராஸ் பாண்டிச்சேரி ஈசிஆர் மாதிரி நெனச்சிகினு போவாதீங்க. கடலு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, ஒரு கிலோமீட்டரு ரெண்டு கிலோமீட்டரு தள்ளி இருக்குது, ரோட்டுல பனமரமும் சீமைக்கருவேலமும்தான். ரோடு நல்லா இருக்குது, வண்டியே இருக்காது, ஓட்டலும் ஏதோ ஊரு வந்தாதான். டீசல், தண்ணி, பாத்ரூம் எல்லாத்தையும் ராமநாதபுரத்துலயே முடிச்சிட சொன்னாரு, 20 லிட்டர் கேன் ஒண்ணு வாங்கி போட சொன்னாரு, அந்தப் பக்கம் எறைக்கற தண்ணி பாதி எடத்துல உப்புன்னாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு.

சாயல்குடி தாண்டி கொஞ்ச தூரத்துல பின் டயரு போச்சு. நல்ல வேளையா ஸ்பீடு கம்மி. எறங்கி பாத்தா சைடுல கிழிஞ்சிருக்குது, ஒட்ட முடியாது. சரி ஸ்டெப்னி மாட்டலாம்னு எறக்குனா அதுல காத்தே இல்ல, கைய வெச்சி அமுக்கனா உள்ள போவுது. டிரைவர் அண்ணன் மொகம் மாறிடுச்சு, கெளம்பறதுக்கு மொத நாள் ராத்திரிதான் இந்த வண்டிய அவர்கிட்ட குடுத்திருக்காங்க, செக் பண்ணி வெச்சிருக்குதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. ஆபீசுக்கு போன் போட்டா பக்கத்துல யாரையாவது பாருங்கன்னு சொல்லி வெச்சிட்டாங்க. 1,600 கிலோமீட்டர் போற வண்டிக்கு ஸ்டெப்னில காத்து பாக்காம அனுப்பறது தப்பு, ரொம்ப பெரிய தப்பு, இத நான் லேசா சொல்ல மாட்டேன். மத்தியானம் ஒண்ணரை மணி, நெழலுக்கு அந்த எடத்துல ஒரு பனமரம் கூட ரோட்டோரமா இல்ல, உள்ள அம்மாவும் அத்தையும், வண்டிய ஜாக்கில தூக்கனதால ஏசியும் போட முடியாது.

ஒரு 20 நிமிஷத்துல டிவிஎஸ் 50ல நுங்கு கொலை கட்டிகினு ஒருத்தர் வந்தாரு. நாங்க கைகாட்டவே இல்ல, அவரே நிறுத்தனாரு. நுங்கு கொலைய எறக்கி எங்க பக்கத்துல வெச்சிட்டு "டயர மடில வச்சிக்கிட்டு ஏறுங்கண்ணே" அப்படின்னு டிரைவர் அண்ணன ஏத்திகினு சாயல்குடிக்கே திரும்பி போனாரு. போறப்ப "புள்ளைகளுக்கு வெட்டிக் குடுங்க"ன்னு அரிவாளையும் வெச்சிட்டு போனாரு. எங்கண்ணனுக்கு வெட்டத் தெரியல, அத்தைதான் வெட்டனாங்க, நுங்கு கண்ணுல வெரல வெச்சி எடுத்து பசங்க வாயில போட்டாங்க, தண்ணி முழங்கை வரைக்கும் வழியுது. முக்கால் மணி நேரத்துல வால்வு மாத்தி காத்து ரொப்பிகினு வந்துட்டாங்க. காசு குடுத்தா நுங்குக்கு மட்டும்தான் வாங்கனாரு. அவரு இல்லன்னா அன்னைக்கு என்ன பண்ணியிருப்போம்னு இப்ப நெனச்சாலும் பயமா இருக்குது.

தூத்துக்குடி கிட்ட தருவைகுளம் தாண்டி உப்பளம், வெள்ளையா குமிச்சி வெச்சி மேல ஓலை போட்டு மூடியிருக்காங்க, சூரியன் எறங்கற நேரத்துல பாத்தோம். ஊருக்குள்ள வந்ததும் டிரைவர் அண்ணன் ஒரு போர்ட காட்டனாரு, 38ஆம் நம்பர் ஹைவே. "இத புடிச்சினு போயிகினே இருந்தா நம்ம வேலூருதாம்மா" அப்படின்னாரு. நம்ம ஊர்ல ஆரம்பிக்கற ரோடு இங்க வந்து கடல்கிட்ட முடியுதுன்னு எனக்கு அன்னைக்குதான் தெரியும், அம்மாவுக்கு அது என்னவோ ரொம்ப சந்தோஷம். ராத்திரி பொரிச்ச பரோட்டா, காலைல மக்ரூன் நாலு பாக்கெட்டு.

சனிக்கிழமை திருச்செந்தூர், கூட்டம் ஜாஸ்தி. உடன்குடில கருப்பட்டி வாங்கனோம், உள்ள கடிச்சி பாத்து வாங்கணும்னு டிரைவர் அண்ணனே ரெண்டு கடை ஏறி எறங்கனாரு. மணப்பாடு எனக்கு ரொம்ப புடிச்ச எடம், மணல் மேட்டு மேல சிலுவைக் கோயில், கீழ பாறைல அலை அடிக்குது, 1542ல பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்குன குகை இருக்குது. உவரி, கூடங்குளம் வழியா போனோம், வழி முழுக்க கரண்டு எடுக்கற காத்தாடி. குமரி போயி சேரும்போது இருட்டிடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல சூரியன் பாத்துட்டு கெளம்பனோம். உருப்படியா ஸ்டெப்னி இல்லாம 650 கிலோமீட்டர் போவ மாட்டேன்னு டிரைவர் அண்ணன் ஆபீஸ்ல சண்ட போட்டு, திருநெல்வேலில ஒரு டயர் வாங்கி மாட்டனாரு, அங்க ஒண்ணரை மணி நேரம். அதனால வீடு வந்து சேரும்போது ராத்திரி 12.40.

பில்லு வந்தப்ப 6 நாள்னு போட்டிருந்தாங்க. 12 மணி தாண்டிட்டா அடுத்த நாளாம். 6 நாளுக்கு மினிமம் 1,800 கிலோமீட்டர், நாங்க ஓடனது 1,684, ஆனா 1,800க்கே காசு கேட்டாங்க, 39,600, அதோட 6 நாள் பேட்டா 4,800, மொத்தம் 44,400. 5 நாள் கணக்குல பாத்தா 37,048, பேட்டா 4,000, மொத்தம் 41,048 தான். 3,352 ரூபா வித்தியாசம், வெறும் 40 நிமிஷத்துக்கு. லேட்டானதே உங்க டயராலதான்னு அண்ணன் நேர்ல போயி பேசனாரு, கடைசில 1,684 கிலோமீட்டருக்கே போட்டுகினாங்க, பேட்டா மட்டும் 6 நாளுக்கு வாங்கனாங்க. அத நாங்க சந்தோஷமா குடுத்தோம், அந்த மனுஷன் நடுராத்திரி தாண்டியும் கண்ணு முழிச்சி ஓட்டியிருக்காரு.

வண்டிக்கு அஞ்சுக்கு மூணு, ஆபீசுக்கு ரெண்டு, டிரைவர் அண்ணனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. இந்த ரூட்டுக்கு எங்க எடுத்தாலும் இதுக்கு முன்னாடி சாயல்குடி பக்கம் ஓட்டன டிரைவரா கேளுங்க, வீட்டு வாசல்ல வண்டி வந்ததும் ஸ்டெப்னிய எறக்கி அமுக்கி பாருங்க, கடைசி நாள் 12 மணி கணக்க எழுதி வாங்கிகினு அட்வான்ஸ் குடுங்க. ஆகஸ்ட்ல வேளாங்கண்ணி போறோம், அவருக்கே போன் பண்ணிட்டேன், வேற ஓனர் வண்டி எடுத்துகினு வரேன்னு சொல்லியிருக்காரு, ஸ்டூலு மறக்காம எடுத்தாரேன்னு அம்மாகிட்ட சொல்ல சொன்னாரு.