ஆயரா, பேராயரா? அழைப்பிதழில் எதைப் போடுவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

யாரைக் குறிக்கும்?
ஆயர்: கத்தோலிக்கரிடம் மறைமாவட்டத் (திருச்சபையின் ஒரு நிர்வாகப் பகுதி) தலைவர், அதாவது பிஷப். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) பெரும்பாலும் உள்ளூர்ச் சபையின் குரு.
பேராயர்: கத்தோலிக்கரிடம் உயர்மறைமாவட்டத் தலைவர், அதாவது ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் பிஷப்பே இவர்தான்.

எங்கிருந்து வந்தது?
ஆயர் என்றால் ஆடுமாடு மேய்ப்பவர். இயேசு தன்னை நல்ல மேய்ப்பன் என்றாரே, அதுதான். பிஷப்பின் கிரேக்க மூலமான எபிஸ்கோபோஸுக்கோ மேற்பார்வையாளர் என்று பொருள். தமிழ்ப் பெயரில்தான் பாசம் அதிகம் என்பேன்.

சிவகங்கை மறைமாவட்டத் தலைவர் வருகிறாரா? ‘மேதகு ஆயர்’ போடுங்கள். மதுரை உயர்மறைமாவட்டத் தலைவர் என்றால் பேராயர். சி.எஸ்.ஐ. பிஷப்புக்கும் பேராயர்தான், வெறும் ஆயர் என்று அடித்தால் பதவி இறங்கிவிடும்.