தகுதியைச் சொன்னார்கள், தேவையைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது: எடைக் குறைப்பு அறுவைக்கு முந்தைய ஆலோசனைச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் பலவும் அறுவைக்கு முன்பாக ஓர் ஆலோசனைத் தொடரை நடத்துகின்றன. அறுவை மருத்துவர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் ஆகியோரைத் தனித்தனியே சந்தித்து, இரத்தப் பரிசோதனைகளையும் எண்டோஸ்கோபியையும் முடித்து, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்களின் கூட்டத்திலும் அமர்ந்த பிறகே தேதி குறிப்பார்கள். அத்தகைய சேவை ஒன்றை முழுமையாகப் பயன்படுத்திய ஒருவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் இங்கே குறைகூறும் பழக்கங்கள் அந்த ஒரு மையத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே காரணம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. என் உடல் பருத்தது. அதைக் குறித்து எனக்கு வெட்கமில்லை. உடல் எந்த அளவில் இருந்தாலும் அதற்கு மரியாதையும் முறையான மருத்துவமும் கிடைக்க வேண்டும் என்பதை நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவர். இந்தச் சிந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1969இல் அமெரிக்காவில் பருமனானவர்களின் உரிமைக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 1973இல் இரு பெண்கள் எழுதிய அறிக்கை, உடலை மெலிய வைப்பதாகச் சொல்லிப் பணம் பண்ணும் தொழில்களைப் பகையாக அறிவித்ததுடன், அறுவை சிகிச்சையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலை மதிக்கும் ஒருவருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் அளவும் ஏறிக்கொண்டே போய், இரவில் மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறும் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் நான் அங்கே சென்றேன். ஆகவே நான் இந்தச் சேவையை அளந்தது ஒரே கேள்வியால்: என் உடலை நான் வெறுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், என் நோய்க்கான ஒரு சிகிச்சையாக இந்த அறுவையை இவர்களால் விளக்க முடிகிறதா?

வரவேற்பறையில் முடிகிறது என்றே தோன்றியது. கைப்பிடியற்ற அகலமான இருக்கைகள் இருந்தன. எடை பார்க்கும் இயந்திரம் தனி அறையில் இருந்தது. எண்ணை யாரும் உரக்கச் சொல்லவில்லை. இரத்த அழுத்தம் பார்க்க, என் கையின் சுற்றளவைக் கவனித்துப் பெரிய பட்டையை எடுத்துவந்தார் செவிலியர். இது உபசாரம் அன்று, மருத்துவத் துல்லியம். சிறிய பட்டையைப் பருத்த கையில் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தப் பொய்யான எண்ணுக்காகவே மாத்திரை சாப்பிட்டவர்களை நான் அறிவேன். ஸ்கேன் பிரிவில் கொடுத்த அங்கி மட்டும் எனக்குப் போதவில்லை. பருமனானவர்களுக்கென்றே நடக்கும் ஒரு மையத்தில் இது மன்னிக்கக் கடினமான குறை.

சுவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இணை இணையாகப் படங்கள். முதல் படத்தில் எவரும் சிரிக்கவில்லை. இரண்டாவதில் அனைவரும் சிரிக்கிறார்கள். இரண்டாவது படங்கள் பெரும்பாலும் முதல் ஆண்டு முடிவில் எடுக்கப்பட்டவை என்று விசாரித்ததில் தெரிந்தது. சுவீடனில் 1987இல் தொடங்கிப் பல்லாண்டுகள் தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வின்படி, இரைப்பை பைபாஸ் (எடைக் குறைப்பு அறுவையில் ஒரு வகை) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தம் எடையில் 32 விழுக்காடு இழந்தார்கள். பத்தாண்டு முடிவில் அது 25 விழுக்காடாக இருந்தது. 25 என்பதும் சிறிய எண் அன்று. ஆனால் எடை ஓரளவு திரும்ப ஏறுவது இந்தச் சிகிச்சையின் இயல்பான போக்கு என்பதைச் சுவர் மறைக்கும்போது, பிற்காலத்தில் எடை ஏறுகிறவர் அதைத் தம் ஒழுக்கக்கேடாக எண்ணிக்கொள்ள நேர்கிறது.

அறுவை மருத்துவர் அமைதியானவர், கேட்டதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்கிறவர். இருப்பினும் அவர் தொடங்கியது உடல் நிறை எண்ணிலிருந்துதான். 1991 முதல் நடைமுறையில் இருந்த அளவுகோல், அந்த எண் 40ஐத் தாண்டியவர்களுக்கும், 35ஐத் தாண்டித் தொடர்புடைய நோய்களும் உள்ளவர்களுக்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் வரம்பைத் தளர்த்தி, 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், வளர்சிதைமாற்ற நோய் உள்ளவர்களுக்கு 30 முதலே பரிசீலிக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 முதலே சிந்திக்கலாம் என்றும் கூறியது. நான் தகுதி பெற்றுவிட்டேன் என்பதைச் சில நிமிடங்களில் அறிவித்தார்கள். தகுதி இருப்பது வேறு, தேவை இருப்பது வேறு. உயரத்தையும் எடையையும் மட்டுமே கொண்டு கணக்கிடும் ஓர் எண், இன்சுலின் போட்டுக்கொள்ளும் என்னையும், அதே எடையில் எந்த நோயுமின்றி இருக்கும் என் தோழியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. எட்மண்டன் படிநிலை முறையில் என் நிலை என்ன என்று நான் கேட்ட பிறகுதான் உரையாடல் பயனுள்ளதாயிற்று. 2009இல் முன்வைக்கப்பட்ட அந்த முறை, எடையை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், உடல்நலக் கேடும் அன்றாட வாழ்வின் தடைகளும் எவ்வளவு என்பதை வைத்து 0 முதல் 4 வரை ஐந்து படிகளில் ஒருவரை மதிப்பிடுகிறது. மருத்துவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. கேட்காமலே சொல்லியிருக்கலாம்.

இரு வகை அறுவைகளையும் அவர் விளக்கிய விதத்தில் எனக்குக் குறையில்லை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கு அளவு வெட்டி நீக்கப்படுகிறது. நீக்கியதைத் திரும்பப் பொருத்த வழியில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில் சுரப்பதால் பசியும் குறைகிறது. பைபாஸ் முறையில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். அங்கே அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ்தான். ஆனால் எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பதையும் எண்டோஸ்கோபி முடிவையும் பார்த்தவுடன், ஸ்லீவ் அதை மோசமாக்கக்கூடும் என்று சொல்லி, தாம் வழக்கமாகச் செய்யும் முறையை அவரே எனக்கு வேண்டாம் என்றார். ஒரு சேவையின் நாணயம் இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும்.

என் மனத்தை அசைத்த செய்தியும் அந்தச் சந்திப்பில்தான் கிடைத்தது. பைபாஸுக்குப் பிறகு பலருக்குச் சர்க்கரை அளவு சில நாட்களிலேயே, எடை சொல்லும்படியாக இறங்குவதற்கு முன்பே, குறையத் தொடங்குகிறது. உண்ணும் அளவு குறைவதோடு, குடலின் அமைப்பு மாறி இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களின் சுரப்பு கூடுவதும் இதற்குக் காரணம். அப்படியென்றால் நான் பரிசீலிப்பது மெலிவதற்கான அறுவையை அன்று, என் சர்க்கரை நோய்க்கான அறுவையை. எடை குறைவது அதனோடு சேர்ந்து வரும் விளைவு. இதை இன்னும் பலர் ஏற்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உடல் ஏற்பைப் பேசும் என் நண்பர்கள் சிலர் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றே கருதுகிறார்கள். மையம் தந்த கையேடோ இதே செய்தியை எதிர்த்திசையில் ஊதிப் பெருக்கி, சர்க்கரை நோய் போய்விடும் என்று அச்சிட்டிருக்கிறது. அறுவையையும் மருந்தையும் ஒப்பிட்ட ஸ்டாம்பீட் என்ற ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையை 6 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே வைத்திருந்தவர்கள் பைபாஸில் 29 விழுக்காட்டினர், ஸ்லீவில் 23, மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 5. வேறுபாடு பெரியது; ஆனால் பைபாஸ் செய்துகொண்டவர்களிலும் பெரும்பான்மையினர் அந்த அளவை எட்டவில்லை.

கையேட்டைப் பற்றி இன்னொன்று. மேலே சொன்ன சுவீடன் ஆய்வின் 2020ஆம் ஆண்டு முடிவுகளிலிருந்து, அறுவை செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட ஏறத்தாழ மூன்றாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே முடிவுகளில், அவர்களுடைய ஆயுள் பொது மக்களின் ஆயுளைவிட ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே இருந்தது என்பதும் இருக்கிறது. அந்த வரியை எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

ஆபத்துகளை மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. முதல் முப்பது நாட்களில் இறக்கும் வாய்ப்பு, தையலிடத்துக் கசிவு, பித்தப்பைக் கல், இனிப்பு உண்டதும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரும் டம்பிங், மது வேகமாகத் தலைக்கேறுவது, பைபாஸுக்குப் பின் சாதாரண வலி மாத்திரைகளில் பலவற்றைத் தவிர்க்க வேண்டியிருப்பது என்று எல்லாம் எழுத்தில் இருந்தன. அறுவைக்குப் பின் தொங்கும் தோலைப் பற்றி மட்டும் நான் கேட்ட பின்பே பேசினார்கள்.

சேவையின் மிகப் பலவீனமான பகுதி மனநல ஆலோசனை. ஒரு வினாத்தாளைத் தந்து, என் உடலைக் கண்ணாடியில் பார்க்கும்போது எவ்வளவு அதிருப்தி ஏற்படுகிறது என்று பல விதமாகக் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன். அதன் விளைவாக என் கோப்பில், அறுவைக்கான ஊக்கம் குறைவு என்று குறிப்பு எழுதப்பட்டது. அதாவது தன்னை வெறுப்பவரே ஊக்கமுள்ளவர் என்பது அந்தத் தாளின் அனுமானம். இது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்பது என் கருத்து. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட நிகழ்வுகள் முந்தைய மூன்று ஆண்டுகளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காயின. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் மெலிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வருபவரை ஊக்கமுள்ளவர் என்று முத்திரையிட்டு அனுப்பிவைப்பதைவிட, அந்த நம்பிக்கையைக் குறித்து அவரோடு நிதானமாகப் பேசுவதே ஓர் ஆலோசகரின் வேலை. நான் எழுத்து மூலம் ஆட்சேபித்தேன். குறிப்பை நீக்கவில்லை, என் விளக்கத்தை அதனோடு இணைத்தார்கள். பாதி நீதி.

உணவியல் நிபுணர் நேர்மாறானவர். நல்ல உணவு, கெட்ட உணவு என்ற பேச்சே அவரிடம் இல்லை. அறுவைக்கு முந்தைய வாரங்களில் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்வது கல்லீரல் சுருங்கி அறுவைக்கு இடம் கிடைப்பதற்காகவே என்றும், அது மனவுறுதிக்கான தேர்வு அன்று என்றும் விளக்கினார். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம், உணவோடு நீர் அருந்தாமை, இரும்புச்சத்து, கால்சியம், பி12, டி வைட்டமின் ஆகியவை வாழ்நாள் முழுதும் என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னார். இந்த ஒருவருக்காகவே மையத்தைப் பரிந்துரைக்கலாம் என்று தோன்றியது.

மாற்று வழிகளைப் பற்றிய பேச்சு மிகச் சுருக்கமாக முடிந்தது. பசியைக் குறைக்கும் செமாகுளூடைடு என்ற மருந்தின் ஊசியால் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைவதாகக் காட்டிய ஆய்வைச் சொல்லிவிட்டு, நிறுத்தினால் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிடும் என்றார்கள். உண்மைதான். தம் அறுவைக்குப் பின் எடை திரும்புவதைப் பற்றியும் இதே தெளிவோடு சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். எடையைத் தொடாமலே இன்சுலினையும், தூக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சி-பாப் கருவியையும் கொண்டு தொடர்வது ஒரு தேர்வாக எங்கும் முன்வைக்கப்படவில்லை.

எல்லாவற்றையும் எடைபோட்டு, பைபாஸுக்குச் சம்மதித்திருக்கிறேன். இந்தச் சிகிச்சையின் வெற்றி சர்க்கரை, இன்சுலின் அளவு, தூக்கக் கோளாறு ஆகியவற்றால் அளக்கப்பட வேண்டும், இலக்கு எடை எதுவும் வேண்டாம் என்று கேட்டேன். மருத்துவர் ஒப்புக்கொண்டார், அவர்களுடைய கணினிதான் ஒப்பவில்லை. இலக்கு எடை என்ற கட்டத்தை வெற்றாக விட்டால் படிவம் சேமிக்கப்படாதாம். ஊழியர் சற்று யோசித்து, என் தற்போதைய எடையையே அங்கே பதிந்தார். அந்தக் கோப்பின்படி நான் ஏற்கெனவே இலக்கை அடைந்துவிட்டவர்.

ஒரு குறையை இந்தச் சேவையை நாடுவோர் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெளிவது நல்லது. தொடர் கண்காணிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே இவர்களின் திட்டத்தில் அடங்கும். கல்லீரலில் சேமிப்பில் இருக்கும் பி12 சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், அதன் குறைபாடு பலருக்கு அதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. எடை திரும்ப ஏறத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையை யார் எழுதித் தருவார், முடிவை யார் பார்ப்பார் என்ற என் கேள்விக்கு, குடும்ப மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்ற வாய்மொழிப் பதிலே கிடைத்தது. எந்தெந்தச் சத்துகளை, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை, எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன செய்வது என்று என் குடும்ப மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். அது கையில் வந்த பிறகே அறுவைத் தேதியை உறுதி செய்வேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.