ஸ்டார்ட் சிக்னல் தராத இன்ஜெக்டர்: பட்டனா, ரீட் சுவிட்சா, பிரஷரா?

தருமபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு பார்ப்பது லேப்களுக்கு அன்றாட வேலை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இன்படி லிட்டருக்கு 1 மி.கி., வேறு ஆதாரமே இல்லையென்றால் 1.5 மி.கி. வரை. அயன் குரோமட்டோகிராபியில் (தண்ணீரில் உள்ள அயனிகளைப் பிரித்து அளக்கும் முறை) ஃபுளோரைடு முதலில் வரும் பீக் (சிக்னலில் எழும் மேடு), வாட்டர் டிப்பை (மாதிரியின் தண்ணீரால் சிக்னலில் விழும் பள்ளம்) ஒட்டியே நிற்கும். கையால் திருப்பும் வால்வில் மாதிரியை இன்ஜெக்ட் செய்துவிட்டு, பதிவு செய்யும் சாஃப்ட்வேருக்கு ஸ்டார்ட் சிக்னல் ஒரு நொடி பிந்தினால், 3 நிமிடத்தில் வரவேண்டிய பீக் அரை சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிடும். பீக்கின் ஏரியா மாறாது, ஆனால் அந்த பீக்கைத் தேடும் நேர விண்டோ குறுகலாக இருந்தால் சாஃப்ட்வேர் பீக்குக்குப் பெயரே வைக்காது.

கைப்பிடியைத் திருப்பிவிட்டு ஸ்பேஸ்பார் தட்டுவதற்குச் செலவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள், இன்ஜெக்ஷனுக்கு இன்ஜெக்ஷன் தாமதம் மாறும். நிலையான தாமதம் என்றால் கழித்துவிடலாம், மாறும் தாமதத்தை என்ன செய்வது? கால் பெடல் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டுக்காகப் பிரஷர் துள்ளலைப் பிடிப்பது கேட்க நன்றாக இருக்கும். வால்வு திரும்பும்போது ஓட்டம் ஒரு கணம் அடைபட்டு அழுத்தம் ஏறும். ஆனால் ஓட்டம் அறாமல் திரும்பும் வகை வால்வில் அந்தத் துள்ளல் மங்கிவிடும். பம்ப் துடிப்பு பெரிதாக இருந்தால் பொய் ஸ்டார்ட்டும் வரும். டிடெக்டர் சிக்னல் ஒரு அளவைத் தாண்டியதும் ஸ்டார்ட் என்று வைப்பது இன்னும் மோசம், ஒரு காற்றுக் குமிழி போதும்.

நம்பலாம் என்றால் காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் சுவிட்ச்தான். கதவு அலாரத்துக்கு விற்பதே போதும். (ரியோடைன் 7725i வால்வு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது.) காந்தத்தைக் கைப்பிடியில் அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். ரீட், இன்ஜெக்ட் பக்கம் கைப்பிடி முட்டி நிற்கும் இடத்தில்தான் மூட வேண்டும். லோட் (மாதிரி நிரப்பும்) பக்கத்திலிருந்து விலகும்போதே சிக்னல் வந்தால், கை திரும்பும் நேரம் முழுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். வயரிங் சுலபம்: 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஸ்டார்ட் பின்னுக்கு, பின்னிலிருந்து ரீட் வழியாக கிரவுண்டுக்கு. ரீட்டுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் 1 மில்லிசெகண்ட் வடிகட்டல் கிடைக்கும். ரீட் மூடும்போது படபடக்கும் மீதித் துள்ளலுக்கு சாஃப்ட்வேரில் 50 மில்லிசெகண்ட் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். டிரிக்கர் எட்ஜில் (சிக்னல் மாறும் கணத்தில்) இருக்கட்டும். லெவலில் (சிக்னல் நிலையில்) வைத்தால், கைப்பிடி இன்ஜெக்டிலேயே கிடக்கும்போது ரன் முடிந்ததும் அடுத்த ரன் தானாக ஓடத் தொடங்கும். பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் இருந்தால் ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யவும்.

கேஸ் குரோமட்டோகிராபில் சிரிஞ்ச் இறங்கும்போது அமுங்கும் மைக்ரோசுவிட்ச் வைக்கலாம். சிரிஞ்ச் குத்தும் ரப்பரை (செப்டம்) இறுக்கும் சூடான நட்டின் மேலேயே உட்கார வைத்தால் பிளாஸ்டிக் உருகும், தகரப் பிராக்கெட்டில் தள்ளி மாட்டுங்கள்.

ஆனால் ரீட்டை ஸ்டார்ட்டுக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. டிடெக்டர் சிக்னலை நிறுத்தாமல் நொடிக்கு 10 புள்ளி வீதம் பதிவு செய்யுங்கள், ரீட்டின் 0/1 பக்கத்து நெடுவரிசையில் விழட்டும். வோல்ட்டேஜை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 சிப்பும், ஆர்டுயினோ கட்டுப்பாட்டு போர்டும் இதற்குத் தாராளம், ±2.048 வோல்ட் ரேஞ்சில் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட். பூஜ்ஜிய நேரத்தைப் பிறகு குறித்துக்கொள்ளலாம். காந்தம் கழன்று விழுந்த நாளிலும் குரோமட்டோகிராம் முழுசாக இருக்கும், வாட்டர் டிப்பை வைத்து நேரத்தை ஏறக்குறைய மீட்டுவிடலாம். ஸ்டார்ட் பின்னை மட்டும் நம்பியிருந்தால் அன்றைக்கு ஃபைலே இருக்காது.