பச்சை டிக்கை நம்பாதீர்கள்: நாங்களே எழுதிய அணுகல்தன்மைச் சோதனைக் கருவி, நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

"நாங்களும் இப்படி ஒன்றை எழுதிக்கொள்ளலாமா?" என்று நண்பர் கேட்டதால் இந்தப் பதிவு. மாற்றுத்திறனாளிகளும் பக்கத்தைப் பயன்படுத்த முடியுமா என்று சோதிக்கும் ஆக்ஸ்-கோர் என்ற நிரலை உள்ளே வைத்து, மேலே ஒரு ரிப்போர்ட் பக்கத்தைப் போர்த்தி, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள்) ஓடவிடும் வழக்கமான அமைப்புதான்.

எரிச்சலெல்லாம் அந்தப் பச்சை டிக் மேல்தான். ஆக்ஸ்-கோர் முடிவுகளை நான்காகப் பிரித்துத் தருகிறது: தவறியவை, தேறியவை, பொருந்தாதவை, கடைசியாக, தன்னால் முடிவு சொல்ல முடியாமல் மனிதர் பார்க்கட்டும் என்று ஒதுக்கியவை. எங்கள் ரிப்போர்ட் தவறியவற்றை மட்டும் எண்ணுகிறது, எதுவும் தவறவில்லை என்றால் பச்சை டிக் போடுகிறது. நான்காவது வகை சத்தமில்லாமல் மறைந்துவிடும். படத்தின் மேலோ கிரேடியன்ட்டின் மேலோ எழுத்து இருந்தால் பின்னணி நிறம் எதுவென்று கருவியால் கணிக்க முடியாது, அதெல்லாம் அங்கேதான் போய் விழுகிறது. பேனரில் வெளிர்மஞ்சள் வானத்தின் மேல் வெள்ளை எழுத்து, கண் நன்றாகத் தெரிபவருக்கே படிக்க வராது. டிக் என்னவோ பச்சை! அந்த நான்காவது வகையான 'இன்கம்ப்ளீட்' பட்டியலை எடுத்து மஞ்சளில் காட்டச் சில வரி கோட் போதும். கேட்டால், "டெவலப்பர்கள் மிரண்டுவிடுவார்கள்" என்கிறார்கள்.

கூடவே எழுதிய நிறச் சோதிப்பானும் இதே ரகம். வெள்ளைமேல் #777777 என்ற சாம்பல் நிற எழுத்தை வைத்தால் இரண்டுக்குமான ஒளி வேறுபாட்டு விகிதம் 4.48, சாதாரண எழுத்துக்கு வேண்டியது குறைந்தது 4.5. ஒரு தசமத்துக்குச் சுருக்கி 4.5 என்று காட்டித் தேற்றிவிட்டது. #767676 என்றால் 4.54, பிரச்சினையே இல்லை. இதையாவது பிறகு திருத்தினார்கள்.

டேப் வரைபடத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். டேப் விசை போகும் வழியெல்லாம் எண் போட்டுக் கோடு இழுக்கும். டயலாக்கை மூடியதும் ஃபோகஸ் (விசைப்பலகை அப்போது நிற்கும் இடம்) அதைத் திறந்த பட்டனுக்குத் திரும்பாமல் பக்கத்தின் உச்சிக்கு எகிறினால் நீளமான சிவப்புக் கோடு. எந்த டயலாக்கை எந்தப் பட்டன் திறக்கிறது என்பது எங்கள் நிரலுக்குத்தான் தெரியும், கடையில் கிடைக்கும் கருவிக்குத் தெரியாது. மூடிய மெனுவுக்குள் இருப்பதை ஆக்ஸ்-கோர் பார்க்காது என்பதால், ஒவ்வொன்றையும் திறந்து மறுபடி சோதிக்கவும் செய்கிறது. அருமையான வேலை.

இருந்தாலும் நண்பருக்குச் சொல்வது: எழுதாதீர்கள். ஆக்ஸ்-கோரை நேராக ஓட்டி, நான்கு பட்டியலையும் படியுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை ஆன் செய்து, மவுஸைத் தொடாமல் பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பாருங்கள். டேப் வரைபடம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுமதி வாங்கித் தருகிறேன். ரிப்போர்ட் பக்கத்தை மட்டும் கேட்காதீர்கள்.