மறியல் வேலையா, ஊரில் சமுதாய வேலையா?

கசிப்பு, அதாவது கள்ளச்சாராய வழக்கில் அகப்பட்டு, தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் நிற்கும் வன்னிக் கமக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போனால் அங்கே தச்சு, தையல், தோட்டம் என்று வேலை உண்டு. நீண்ட தண்டனைக்காரருக்கு ஒரு கைத்தொழில் கைவரலாம், அது நல்லதுதான். ஆனால் சில மாதத்துக்குப் போனவர் சீவுளி பிடிக்கப் பழகுவதற்குள் விடுதலை வந்துவிடும். கூலியும் சொற்பம்.

மற்றது, இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழங்கப்படும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை. சிறைக்குப் பதிலாக ஊதியமில்லாத பொதுவேலை: ஆசுபத்திரி வளவைத் துப்புரவாக்குவது, பள்ளிக்கூட வேலியைத் திருத்துவது போன்றவை. அலுவலர் ஒருவர் மேற்பார்ப்பார். குடிப்பழக்கத்துக்கு உளவளத்துணையும் கிடைக்கும். கட்டளையை மீறினால் மறுபடி நீதிமன்றம்தான்.

என் தெரிவு இரண்டாவதே. காலபோக (மழைக்கால நெல்) விதைப்பு ஐப்பசி மழையோடு வரும், அது யாருக்கும் காத்திருக்காது. ஆள் உள்ளே இருந்தால் வயல் தரிசு. வாசலில் நுண்கடன் தவணைக்காரர் நிற்பார், பதில் சொல்ல மனைவி மட்டும்தான். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் அவள் தலையில். வெளியே இருப்பவரோ பொதுவேலை இல்லாத நாளில் வரம்பு கட்டலாம், விதைக்கலாம். அப்புறம், ஒரு சின்ன வழக்குக்காக மறியலில் புதிய கூட்டுச் சேரும் ஆபத்தும் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. வன்னியில் துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கத்து உட்கிராமங்களுக்கு பஸ் குறைவு. வேலையை அவரவர் ஊரிலேயே, குளக்கட்டிலோ வாய்க்காலிலோ ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.