பெரிய அட்வென்ச்சர் பைக்கா, நடுத்தர பைக்கா?

நெடும்பயணத்துக்கு 1300 சிசி வண்டியா, 450 சிசி வண்டியா என்று தடுமாறுபவர்கள் நிறைய. பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்ஸையும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐயும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே 2023-ல் அறிமுகமானவை.

எடை: பெரியது 237 கிலோ, சின்னது 196 கிலோ. வித்தியாசம் சுமார் 40 கிலோதானே என்று தோன்றும். மணலில் வண்டி சாய்ந்து, தனியாளாகத் தூக்க வேண்டி வரும்போதுதான் அந்த 40 கிலோ என்னவென்று புரியும். பெட்டிகளும் சாமானும் சேர்ந்தால் இன்னும் மோசம். என்னைக் கேட்டால், வேறு எதையும் பார்க்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சக்தி: 145 குதிரைத்திறன், எதிரே 40. பின்னால் ஆளும் சுமையும் இருக்க, நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டப் பெரியதற்கு நிகரில்லை.

பராமரிப்பு: பெரியதில் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் டிரைவ் (பின்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு), அதனால் செயினுக்கு எண்ணெய் போடும் வேலை இல்லை. ஆனால் மின்னணு அமைப்புகள் அதிகம், வழியில் பழுதானால் சாதாரண மெக்கானிக்கால் சரிசெய்வது கடினம்.

செலவு: டயர், காப்பீடு, எரிபொருள் எல்லாவற்றிலும் சின்னது மிச்சம்.

இனி பெரிய வண்டிகளும் இளைக்கத்தான் போகின்றன. ஆர் 1300 ஜிஎஸ்ஸுக்கு முந்தைய ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ இருந்தது. அடுத்த தலைமுறையில் 12 கிலோ குறைந்தது நல்ல அறிகுறி.

சரி, எது யாருக்கு? ஜோடியாகத் தார்ச்சாலையில் நாடு கடப்பவர்களுக்குப் பெரியது. தனியாக மண்பாதையில் இறங்குபவர்களுக்கு, சந்தேகமே வேண்டாம், சின்னது.